பிரெஞ்சு வசனம் எங்கே இடறுகிறது: அறிகுறியைப் பார்த்துத் திருத்துவோம்

யாழ்ப்பாணத்தில் பிரெஞ்சு படிக்கிறவர்களில் பலருக்குப் பரிசிலோ அதைச் சுற்றியோ ஒரு சொந்தம் இருக்கும். கலியாணம் முடித்து விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளை, பேரப்பிள்ளைகளோடு கதைக்க ஆசைப்படும் அம்மம்மா, டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்ச்சிச் சோதனையில் தொடக்க மட்டமான ஏ1க்குப் பதிந்துவிட்ட தம்பி என்று ஆளுக்கொரு தேவை. கொப்பியைத் திறந்தால் சொற்கள் நிறைய இருக்கும், எல்லாம் பாடம். ஒரு முழு வசனத்தை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் இடறும்.

அந்த இடறலுக்காக எழுதியது இது. உங்கள் வசனத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி, அந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். மூலகாரணத்தை மட்டும் எல்லோரும் வாசித்துவிடுங்கள். அது பிடிபட்டால் கீழே வரும் பிழைகளில் பாதி தானாகவே குறையும்.

பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ‘ட’ வரும் இடத்தில் ‘டொலர்’ என்பதன் முதல் ஒலியை எடுங்கள். ‘மான்ஜ்’, ‘மேஸோன்’ போன்றவற்றில் ‘ன்’ மூக்கால் வர வேண்டும், நாக்கு மேலண்ணத்தில் முட்டக்கூடாது. சரியான ஒலிக்கு ஓர் ஒலிப்பதிவைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நாம் பார்ப்பது சொற்களின் வரிசையை.

மூலகாரணம்

‘அக்கா தம்பியைக் கூப்பிடுறா.’ ‘தம்பியை அக்கா கூப்பிடுறா.’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே. சொற்களை இடம் மாற்றினாலும் ‘ஐ’ உருபு தம்பியோடு ஒட்டிக்கொண்டே போகிறது, ஆகவே யார் யாரைக் கூப்பிடுகிறார் என்பதில் சந்தேகம் வராது.

பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லுக்கு இப்படி ஒட்டுகிற வேற்றுமை உருபு கிடையாது. லத்தீனில் இருந்தது. பழைய பிரெஞ்சில் இரண்டு வேற்றுமை மட்டும் எஞ்சியது, 14ஆம் நூற்றாண்டளவில் அதுவும் போய்விட்டது. உருபு பார்த்த வேலையை இப்போது இடம் பார்க்கிறது. ‘மா சேர் அப்பெல் மோன் ஃப்ரேர்’ என்றால் அக்கா தம்பியைக் கூப்பிடுகிறா. சொற்களைத் திருப்பி ‘மோன் ஃப்ரேர் அப்பெல் மா சேர்’ என்றால் கூப்பிடுவது தம்பி. ஒரு எழுத்தும் மாறவில்லை, பொருள் தலைகீழாகிவிட்டது. வினைக்கு முன்னால் நிற்பவர் செய்கிறவர், பின்னால் நிற்பது செயலுக்கு ஆளாவது. தமிழில் எங்கேயெல்லாம் ஓர் உருபை நம்பிப் பேசுகிறோமோ, அங்கேயெல்லாம் பிரெஞ்சில் ஓர் இடத்தைத் தேட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழை ஆங்கிலமாக்கி, அந்த ஆங்கிலத்தைப் பிரெஞ்சாக்கும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது. படிப்பிக்கும் புத்தகங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கில வழியாக வருவதால் அது இயல்புதான். ஆனால் அப்போது தமிழில் இருந்து வரும் பிழையோடு ஆங்கிலத்தில் இருந்து வரும் பிழையும் சேர்ந்துகொள்ளும். தமிழில் இருந்து நேரே போங்கள். சில இடங்களில் ஆங்கிலத்தைவிடத் தமிழே பிரெஞ்சுக்குக் கிட்ட நிற்கிறது, கீழே அதைக் காண்பீர்கள்.

அறிகுறி: நீங்கள் சொல்லி முடித்தும், கேட்டவர் இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிறார்

வினையைக் கடைசியில் வைத்திருப்பீர்கள். ‘நான் சோறு சாப்பிடுறன்’ என்பதை அப்படியே ‘ஜ ரி மான்ஜ்’ என்றால் பிரெஞ்சுக் காதுக்குப் பிடிபடாது. சரியானது ‘ஜ மான்ஜ் டு ரி’. ‘டு’ இங்கே அளவு சொல்லாத ‘கொஞ்சம்’ போன்றது.

பெரிய வசனம் என்றால் கொப்பியில் இப்படிச் செய்து பாருங்கள். ‘நாளைக்குக் காலமை சுன்னாகம் சந்தையில மரக்கறி வாங்குவன்’ என்று சொல்ல வேண்டும். முதலில் வினையை மட்டும் தாளின் நடுவில் எழுதுங்கள்: ‘அஷெத்’, வாங்குவது. யார் வாங்குவது? நான். ‘ஜ’வை இடப்பக்கம் எழுதினால் உயிரெழுத்தோடு சேர்ந்து ‘ஜஷெத்’ ஆகும். எதை? மரக்கறியை. வலப்பக்கம் ‘டே லெகூம்’. எங்கே? இன்னும் வலப்பக்கம் ‘ஓ மார்ஷே ட சுன்னாகம்’. எப்போது என்பதற்கு மட்டும் தாராளம் உண்டு, தமிழைப் போலவே முன்னால் வைக்கலாம்: ‘டமேன் மத்தேன், ஜஷெத் டே லெகூம் ஓ மார்ஷே ட சுன்னாகம்.’ பழகும் வரைக்கும் ஒவ்வொரு வசனத்தையும் வினையில் இருந்து தொடங்கி இரு பக்கமும் கட்டுங்கள். எழுவாயில் தொடங்கினால் கை தானாக வினையைத் தள்ளிக்கொண்டே போகும்.

‘அடிக்கடி’, ‘எப்பவும்’ போன்ற சொற்களில் கவனம். ‘நான் அடிக்கடி கோயிலுக்குப் போறன்’ என்பதில் அடிக்கடி வினைக்கு முன்னால். ஆங்கிலத்திலும் முன்னால்தான். பிரெஞ்சில் அது வினைக்குப் பின்னால் போகும்: ‘ஜ வே சூவான் ஓ தான்ப்ல்.’

அறிகுறி: ‘யார்?’ என்று திருப்பிக் கேட்கிறார்கள்

எழுவாயை விட்டுவிட்டீர்கள். ‘போறன்’ என்றாலே நான்தான் என்று தமிழில் தெரியும், வினையின் வால் அதைச் சொல்லிவிடும். பிரெஞ்சிலும் எழுத்தில் வால் உண்டு. ஆனால் காதுக்கு எட்டாது. ‘ஜ பார்ல்’, ‘தூ பார்ல்’, ‘இல் பார்ல்’, பன்மை ‘இல் பார்ல்’ எல்லாவற்றிலும் வினை ஒரே ஒலிதான். ‘நூ பார்லோன்’, ‘வூ பார்லே’ இரண்டில் மட்டும் மாற்றம் கேட்கும். ஆகவே ஏவல் தவிர மற்ற எந்த வசனத்திலும் எழுவாயை விடாதீர்கள்.

மழைக்குக்கூட எழுவாய் வேண்டும். ‘மழை பெய்யுது’ என்பதற்கு ‘இல் ப்ளு’. அந்த ‘இல்’ யாரையும் குறிக்கவில்லை, இடத்தை நிரப்ப நிற்கிறது.

அறிகுறி: ‘எனக்கு’ என்று தொடங்கும் வசனம் எல்லாம் கோணலாகிறது

தமிழர் அதிகம் இடறுவது இங்கேதான் என்பது என் எண்ணம். தமிழில் பசி, நோய், வயது, விருப்பம், அறிவு எல்லாம் நமக்கு ‘வருகின்றன’. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும். பிரெஞ்சு இவை எல்லாவற்றிலும் ஆளை எழுவாயாக்கிவிடும். ‘எனக்கு’ என்பதற்கு ‘ஆ முவா’ என்று தொடங்கினீர்கள் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். ‘எனக்கு’ என்பதை ‘நான்’ ஆக்கிவிட்டு, என்ன வினை வரும் என்று பாருங்கள்.

உடம்புக்கு வருகிறவையும் வயதும் பெரும்பாலும் ‘ஜே’ என்று தொடங்கும், அதாவது ‘என்னிடம் உண்டு’. பசி என்றால் ‘ஜே ஃபேன்’. தண்ணி விடாய் என்றால் ‘ஜே ஸ்வாஃப்’. குளிருது, ‘ஜே ஃப்ருவா’. பயமாக்கிடக்கு, ‘ஜே பேர்’. தலையிடி, ‘ஜே மால் ஆ லா தெத்’. காய்ச்சல், ‘ஜே ட லா ஃபியேவ்ர்’. முப்பது வயது, ‘ஜே த்ரான்த் ஆன்’. ஆங்கில வழியாகப் போகிறவர்கள் வயதுக்கும் பசிக்கும் ‘ஐ ஆம்’ போல ‘ஜ சுயி’ போட்டுவிடுவார்கள், அது பிழை. ‘எனக்கு முப்பது வயது’, ‘எனக்குப் பசி’ என்ற தமிழ் இங்கே பிரெஞ்சுக்கு நல்ல கிட்ட.

மனத்துக்கு வருகிறவற்றுக்குத் தனி வினை உண்டு. எனக்குப் பிடிக்கும், ‘ஜெம்’. எனக்கு (விசயம்) தெரியும், ‘ஜ சே’. எனக்கு (ஆளை, இடத்தை) தெரியும், ‘ஜ கொனே’. எனக்கு வேணும், ‘ஜ வு’. ஆனால் கடையில் ‘ஜ வு’ என்று கேட்டால் கொஞ்சம் வெட்டாக இருக்கும், ‘ஜ வூட்ரே’ என்று கேளுங்கள். எனக்கு விளங்கேல்லை, ‘ஜ ந கோம்ப்ரான் பா’. இந்தக் கடைசி வசனத்தை முதல் நாளே பாடமாக்குங்கள்.

இதோடு ஒட்டியது ‘இருக்கு’ என்ற சொல். தமிழில் ஒன்று, பிரெஞ்சில் மூன்றாகப் பிரியும். ‘எனக்கு மூண்டு பிள்ளையள் இருக்கினம்’ என்பது உடைமை: ‘ஜே த்ருவா ஸான்ஃபான்.’ ‘அம்மா வீட்டில இருக்கிறா’ என்பது அவர் இருக்கும் இடம்: ‘மா மேர் ஏ ஆ லா மேஸோன்.’ ‘யாழ்ப்பாணத்தில ஒரு கோட்டை இருக்கு’ என்பது இப்படி ஒன்று உண்டு என்ற தகவல்: ‘இல் யா அன் ஃபோர் ஆ ஜஃப்னா.’ எது என்று சந்தேகம் வந்தால் கேளுங்கள்: ஒருவருக்குச் சொந்தமா, தெரிந்த ஆளோ பொருளோ எங்கே என்று சொல்கிறோமா, அல்லது புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்துகிறோமா?

அறிகுறி: வசனத்தில் வினையே இல்லை

‘இது என்ர வீடு.’ ‘அம்மா ரீச்சர்.’ தமிழில் வினை இல்லாமலே நிறைவான வசனங்கள். பிரெஞ்சில் நடுவில் ஒரு கொளுவி வேண்டும். ‘சே மா மேஸோன்.’ ‘மா மேர் ஏ ப்ரொஃபெசர்.’ தொழிலைச் சொல்லும்போது ‘ஒரு’ என்பதற்குரிய ‘அன்’, ‘யூன்’ வராது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் அதைச் சேர்ப்பார்கள். தமிழிலும் ‘அம்மா ஒரு ரீச்சர்’ என்று சொல்லத் தேவையில்லையே, அதையே பின்பற்றுங்கள்.

அறிகுறி: ‘ஜ சுயி மான்ஜ்’

இது ஆங்கிலத்தில் இருந்து வந்தது. ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்’ என்பதை ஆங்கிலத்தில் யோசித்து, ‘சுயி’யை நடுவில் செருகுவது. பிரெஞ்சில் சாப்பிடுறன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன் இரண்டுக்கும் ‘ஜ மான்ஜ்’ போதும். இந்த நிமிசத்தில் நடப்பதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால் மட்டும் ‘ஜ சுயி ஆன் த்ரேன் ட மான்ஜே’.

சாப்பிட்டன் என்பதற்கு ‘ஜே மான்ஜே’. அங்கேயும் ‘சுயி’ போட்டு ‘ஜ சுயி மான்ஜே’ என்றால் உங்களை யாரோ சாப்பிட்டுவிட்டதாகப் பொருள்படும். போனன், வந்தன் போன்ற சில வினைகளுக்கு மட்டும் இறந்தகாலத்தில் ‘ஜ சுயி’ உண்டு: ‘ஜ சுயி அலே’, ‘ஜ சுயி வெனூ’. அந்தப் பட்டியல் சிறியது, பிறகு படிக்கலாம்.

அறிகுறி: ‘இல்லை’ என்று சொன்னது விளங்கவில்லை

நாம் வசனத்தைச் சொல்லி முடித்துக் கடைசியில் ‘இல்லை’ வைப்போம். பிரெஞ்சு வினையின் இரு பக்கமும் பிடிக்கும்: முன்னால் ‘ந’, பின்னால் ‘பா’. ‘ஜ மான்ஜ் டு ரி பா’ என்பது பிழை. ‘ஜ ந மான்ஜ் பா ட ரி’ என்பது சரி. ‘டு’ போய் ‘ட’ வந்ததைக் கவனியுங்கள். மறுப்பில் ‘அன்’, ‘யூன்’, ‘டு’, ‘ட லா’, ‘டே’ எல்லாம் ‘ட’ ஆகிவிடும். ஆனால் ‘சே’ என்று தொடங்கும் வசனத்தில் மாறாது: ‘ஸ நே பா டு ரி’, இது சோறு இல்லை.

இறந்தகாலத்தில் ‘ந’வுக்கும் ‘பா’வுக்கும் நடுவில் நிற்பது துணைவினை, அதாவது ‘ஜே மான்ஜே’யில் உள்ள ‘ஏ’: ‘ஜ நே பா மான்ஜே’, நான் சாப்பிடேல்லை.

பரிசில் இருக்கும் சொந்தக்காரரோடு கதைத்தால் அவர் ‘ந’வை விழுங்கி ‘ஜ சே பா’ என்றோ வெறும் ‘ஷே பா’ என்றோ சொல்வார். அங்கே எல்லோரும் அப்படித்தான் கதைக்கிறார்கள், பிழை இல்லை. எழுத்தில் மட்டும் ‘ந’ கட்டாயம். மறுப்பைத் தாங்குவது ‘பா’ என்பதால், அதை மட்டும் வாயில் தெளிவாகச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஊர், வீடு, சொந்தம் எல்லாம் பின்முன்னாக வருகிறது

நாம் உருபைச் சொல்லின் பின்னால் ஒட்டுகிறோம், பிரெஞ்சு தனிச் சொல்லாக முன்னால் வைக்கிறது. யாழ்ப்பாணத்தில இருந்து வாறன், ‘ஜ வியேன் ட ஜஃப்னா’. யாழ்ப்பாணத்தில இருக்கிறன், ‘ஜபித் ஆ ஜஃப்னா’. ஊருக்கு ‘ஆ’, பிரான்ஸ் போன்ற பெண்பால் நாட்டுக்கு ‘ஆன்’, இலங்கை பிரெஞ்சில் ஆண்பால் என்பதால் ‘ஓ ஸ்ரீ லங்கா’. ஒருவருடைய வீட்டுக்கு என்றால் ‘ஷே’: மாமா வீட்டில, ‘ஷே மோன் ஓன்க்ல்’.

நீண்ட சங்கிலி வந்தால் கடைசியில் இருந்து எடுங்கள். ‘மாமான்ர மகன்ர சைக்கிள்’ என்பதில் கடைசிச் சொல் சைக்கிள், பிரெஞ்சில் அதுதான் முதல்: ‘ல வெலோ டு ஃபீஸ் ட மோன் ஓன்க்ல்.’ சைக்கிள், மகன், மாமா. கண்ணாடியில் பார்த்தது போல் முழுவதும் திரும்பிவிடும்.

நிறம், இனம், வடிவம் சொல்லும் அடைமொழிகளும் பெயருக்குப் பின்னால் போகும். சிறிது, பெரிது, நல்லது, புதியது, பழையது, வடிவானது போன்ற அடிக்கடி வரும் சில சொற்கள் மட்டும் தமிழைப் போல முன்னால் நிற்கும். ‘சின்ன வெள்ளை வீடு’ என்றால் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று: ‘யூன் ப்தித் மேஸோன் ப்ளான்ஷ்.’

அறிகுறி: கேள்வி கேட்டால் பதில் வரவில்லை, தலையாட்டுகிறார்கள்

நீங்கள் கேட்டது கேள்வி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நம்முடைய ‘ஆ’ கடைசியில் ஒட்டும்: தமிழ் கதைப்பீங்களா? பிரெஞ்சில் தொடக்கத்திலேயே ‘எஸ் க’ வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாதாரண வசனமாகச் சொல்லுங்கள்: ‘எஸ் க வூ பார்லே தமூல்?’ வரிசை மாறாது என்பதால் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி. பேச்சில் குரலை மட்டும் உயர்த்தி ‘வூ பார்லே தமூல்?’ என்றும் கேட்கலாம். ‘பார்லே வூ’ என்று திருப்பிப் போடுவதை வாசித்து விளங்கினால் போதும், இப்போது பழக வேண்டாம். எங்கே, எப்போது என்ற சொல் வந்தால் அதை முதலில் வைத்து ‘எஸ் க’ சேர்க்கலாம்: ‘ஊ எஸ் க வூ ஸபித்தே?’

அறிகுறி: ‘அவரை’, ‘அதை’, ‘எனக்கு’ வந்தவுடன் எல்லாம் குழம்புகிறது

வினைக்குப் பின்னால்தான் செயப்படுபொருள் என்று கஷ்டப்பட்டுப் பழகியவர்கள் ‘அவரைப் பார்க்கிறன்’ என்பதற்கு ‘ஜ வுவா ல’ என்பார்கள். சரியானது ‘ஜ ல வுவா’. நான், அவரை, பார்க்கிறன். அப்படியே தமிழ் வரிசை!

பெயர்ச்சொல்லுக்குப் போன வேற்றுமை, இந்தச் சின்ன மாற்றுப்பெயர்களில் இன்னும் இருக்கிறது. ‘ஜ’ என்பது நான், ‘ம’ என்பது என்னை அல்லது எனக்கு. ‘இல்’ என்பது அவர், ‘ல’ அவரை, ‘லுயி’ அவருக்கு. வடிவமே காட்டிக்கொடுப்பதால் வினைக்கு முன்னால் நின்றாலும் குழப்பம் இல்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் இங்கே தடுமாறுவார். நீங்கள் தமிழில் யோசியுங்கள். அவருக்குச் சொல்றன், ‘ஜ லுயி டி’. அவ என்னைக் கூப்பிடுறா, ‘எல் மப்பெல்’. மறுப்பு வந்தால் ‘ந’வும் ‘பா’வும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்: ‘ஜ ந ல வுவா பா.’

விதிவிலக்கு ஏவல். ‘தாங்கோ’ என்று கேட்கும்போது பின்னால் போகும்: ‘டொனே முவா.’

இரண்டு வினை சேர்ந்து வந்தால், ‘போக’, ‘பார்க்க’ என்று நாம் ‘அ’வில் முடிக்கும் வினை பிரெஞ்சில் இரண்டாவதாக வரும், உருமாறாமல் நிற்கும். பிரான்சுக்குப் போக விருப்பம், ‘ஜ வு அலே ஆன் ஃப்ரான்ஸ்’. ‘ஜ வு வே’ என்று இரண்டையும் ‘நான்’ வடிவில் வைக்காதீர்கள். மாற்றுப்பெயர் இருந்தால் எந்த வினைக்கு உரியதோ அதற்கு முன்னால்: ‘ஜ வு ல வுவார்’, அவரைப் பார்க்க விரும்புறன். ‘அவரைப் பார்க்க’ என்பது தமிழிலும் ஒட்டியே நிற்கிறது.

அறிகுறி: ஒவ்வொரு துண்டும் சரி, சேர்த்து எழுதினால் சிக்குகிறது

‘நேற்று வந்த, பரிசில இருக்கிற மாமான்ர மகனை’ என்று பெயருக்கு முன்னால் அடுக்கிக்கொண்டு போவது தமிழுக்கு அழகு. ஏ1 மட்டத்தில் அதைப் பிரெஞ்சில் முயற்சிக்க வேண்டாம், உடையுங்கள். இவர் என்ர மச்சான். அவர் பரிசில இருக்கிறார். அவர் நேற்று வந்தவர். மூன்று சிறிய வசனங்கள், பிரெஞ்சில் மூன்றிலும் எழுவாய், வினை, மற்றது.

டெல்ஃப் ஏ1 எழுத்துப் பகுதிக்கு 30 நிமிடம். ஒரு படிவம் நிரப்ப வேண்டும், குறைந்தது 40 சொல்லில் ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும். சோதனை முழுவதற்கும் 100 புள்ளி, சித்திக்கு 50, நான்கு பகுதியில் எதிலும் 25க்கு 5க்குக் கீழே போகக்கூடாது. அந்த 40 சொல்லைச் சின்ன வசனங்களால் நிரப்பினால் போதும். மாதிரிக்கு ஒன்று:

‘போன்ஜூர்! ஜபித் ஆ ஜஃப்னா. ஆன் ஊத், இல் யா யூன் க்ரான்ட் ஃபெத் ஓ தான்ப்ல் ட நல்லூர். ஜ வே சூவான் ஓ தான்ப்ல் அவெக் மா மேர். ஜே த்ருவா கூஸேன் ஆ பாரி, மே ஜ ந லே வுவா பா சூவான். எஸ் க தூ வு வெனீர் ஷே முவா?’

தமிழில்: வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில இருக்கிறன். ஆவணியில நல்லூர்க் கோயில்ல பெரிய திருவிழா இருக்கு. அம்மாவோட அடிக்கடி கோயிலுக்குப் போவன். பரிசில எனக்கு மூண்டு மச்சான்மார் இருக்கினம், ஆனால் அவையை அடிக்கடி பாக்கிறேல்லை. எங்கட வீட்டுக்கு வர விருப்பமோ?

இதில் ‘இருக்கு’ என்பதற்கு ‘இல் யா’, ‘ஜே’ வந்த இரண்டு இடத்தையும், ‘அடிக்கடி’ வினைக்குப் பின்னால் நிற்பதையும், ‘ந லே வுவா பா’ என்ற பிடியையும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். பிறகு நல்லூரை எடுத்துவிட்டு உங்கள் ஊர்க் கோயிலையோ தேவாலயத்தையோ சந்தையையோ போட்டு, அம்மாவுக்குப் பதில் வேறொருவரை வைத்து, அதே சட்டத்தில் உங்கள் கடிதத்தை எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு வசனத்திலும் வினையைத் தேடி வட்டமிட்டு, அதற்கு இடப்பக்கம் செய்கிறவர் நிற்கிறாரா என்று பாருங்கள். நிற்காத வசனத்தை மட்டும் மேலே உள்ள அறிகுறிகளோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.